கரையேறிய கம்பி: ஷாங்காய் தந்தி அலுவலகம் யாருடையது?

ஷாங்காய் கடலோர நகரம் அல்ல. யாங்சி ஆறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் ஹுவாங்பூ என்ற துணையாறு அதில் வந்து சேர்கிறது. சேரும் இடத்தில் இருப்பது வூசோங். அங்கிருந்து ஹுவாங்பூவின் கரையோடு இருபது கிலோமீட்டர் போவதற்குள் ஷாங்காயின் அன்றைய வெளிநாட்டார் குடியிருப்பு வந்துவிடும். வங்கிகள், தேயிலைக் கிடங்குகள், தூதரகங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. 1870களில் ஹாங்காங்கிலிருந்தும் நாகசாகியிலிருந்தும் வந்த தந்திக் கம்பிகள் நெடுந்தூரம் கடலடியில் கிடந்தன. அந்தத் தூரம் யாருக்கும் தலைவலியாக இல்லை. கரையைத் தொட்ட பிறகு மிஞ்சிய சின்னத் துண்டுதான் வழக்கானது. சீன அரசும் ஒரு டேனிஷ் கம்பெனியும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியும் நான்கைந்து நாட்டுத் தூதர்களும் அதை வைத்து அறுபது ஆண்டுகள் பேரம் பேசினார்கள்.

தந்தியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்பியின் நீளத்தையும் அதைப் பதித்த கப்பல்களையும் வியந்து எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கம்பி போய் முடியும் அறை. தாள் கைமாறுவதும், காசு எண்ணி வாங்கப்படுவதும், எந்தச் செய்தி முதலில் போகும் எது காத்திருக்கும் என்று முடிவாவதும் அந்த அறையில்தான். இன்னொரு நாட்டு மண்ணில் அப்படியொரு அறை இருந்தால் அதன்மேல் அதிகாரம் யாருக்கு? உஸ்மானியப் பேரரசு, பாரசீகம், ஜப்பான், சீனா நான்கும் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. சீனா சந்தித்த விதம் மிக நீண்டது, ஏற்ற இறக்கங்களும் அதிகம். இரு தரப்பு ஆவணங்களும் கிடைப்பது நம் நல்வாய்ப்பு: கம்பெனியின் கடிதங்கள் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, சீன வெளியுறவு அலுவலகத்தின் தந்திக் கோப்புகள் 1957இல் தைபேயில் அச்சாகி வந்துவிட்டன.

இந்தக் கோப்புகளைப் படித்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஃபின்லாந்து ஆய்வாளர் யோர்மா அஹ்வெனைனென் 1981இல் வெளியிட்ட நூலில் இது முதன்மையாகக் கம்பெனிகளுக்கு இடையிலான சந்தைப் போட்டி. டேனியல் ஹெட்ரிக் 1991இல் எழுதியபோது கம்பி வல்லரசுகளின் ஆயுதமாகிறது. 1997இல் வந்த எரிக் பார்க்கின் நூல்தான் சீன அதிகாரிகள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதை அவர்கள் பக்கம் போய் நின்று பார்த்தது. மூவரையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: சீனா பேச்சுவார்த்தை மேசையில் தோற்றதும் ஜெயித்ததும் மேசையில் உட்கார்ந்தவர்களின் சாமர்த்தியத்தால் அல்ல. தன்னிடம் சொந்தக் கம்பியும் பயிற்சி பெற்ற சொந்த ஆளும் இருந்த ஆண்டுகளில் அது ஜெயித்தது. இல்லாத ஆண்டுகளில், வாதம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தோற்றது.

தொடக்கத்தில் சீனாவின் பதில் ஒற்றைச் சொல்: வேண்டாம். 1861இல் அமைந்த வெளியுறவு அலுவலகமான சோங்லி யாமெனுக்கு இளவரசர் கோங் தலைவர். ருஷ்யாவும் பிரிட்டனும் பிரான்சும் மாறி மாறித் தந்திக் கம்பி போட அனுமதி கேட்டன. ஒவ்வொரு முறையும் மறுப்புதான். 1865இல் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் வணிகர் யாரையும் கேட்காமல் ஷாங்காயிலிருந்து ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கம்பம் நட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பங்கள். அப்போது ஷாங்காயின் நிர்வாகத் தலைவராக, அதாவது தாவ்தாயாக இருந்த டிங் ரீசாங், ஊராரைக் கொண்டே இரவோடு இரவாக அவற்றைப் பிடுங்க வைத்தார். கம்பத்தின் நிழல் விழுந்து ஊரின் ஃபெங்சுயி கெட்டுவிட்டது என்பது தூதரகத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதைப் பிடித்துக்கொண்டு சீனர்கள் மூடநம்பிக்கையால் தந்தியை மறுத்தார்கள் என்று ஒரு தலைமுறை எழுதித் தள்ளியது. கோப்புகள் வேறு கதை சொல்கின்றன. ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டார்மீது சீனச் சட்டம் பாயாது. அவர்களுடைய கம்பி உள்நாட்டுக்குள் போனால் அதைப் பழுதுபார்க்கும் ஆட்களும் போவார்கள். போகிறவர்களை விசாரிக்கச் சீன நீதிமன்றத்துக்கு உரிமை கிடையாது. குடியானவன் ஒருவன் கம்பத்தை வெட்டினால் நட்டஈடு கேட்டுப் பீரங்கிக் கப்பல் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாகாணத்தில் நடப்பது பேரரசருக்குத் தெரிவதற்கு முன்பே வெளிநாட்டுத் தூதருக்குத் தெரிந்துவிடும். இவை மூடநம்பிக்கைகள் அல்ல. அரசு நடத்துகிற எவருக்கும் வரக்கூடிய கவலைகள். தூதரிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியாததால் ஃபெங்சுயி முன்னால் நிறுத்தப்பட்டது.

ஷென் பாவ்ஜென் என்ற அதிகாரியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1874இல் தைவான் காவலுக்குத் தந்தி உடனே வேண்டும் என்று பேரரசருக்கு எழுதியவர் அவர். அடுத்த ஆண்டு நாஞ்சிங்கில் இருந்து ஆளும் தலைமை ஆளுநரானார். 1876இல் பிரிட்டிஷார் வூசோங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே அனுமதியின்றி ரயில் விட்டபோது, அந்தப் பாதையைப் பணம் கொடுத்து வாங்கி, 1877இல் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்கச் சொன்னவரும் அவரே. தந்தியை விரும்பியவர் ரயிலை வெறுத்தார் என்பதல்ல பொருள். தன் கையில் இருப்பதை விரும்பினார், பிறர் கையில் இருப்பதை அகற்றினார்.

1870இல் நிலைமை மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு கோபன்ஹேகனில் டீட்கென் என்ற நிதியாளர் கிரேட் நார்தர்ன் தந்திக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். ருஷ்யாவின் சைபீரியக் கம்பியை விளாடிவாஸ்டாக்கிலிருந்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கடலடியில் நீட்டுவது அவர் திட்டம். ருஷ்யா இந்த உரிமையை ஒரு சிறிய நாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்ததில் அரண்மனைச் சம்பந்தமும் உண்டு. டென்மார்க் இளவரசி டாக்மார் 1866இல் ருஷ்யப் பட்டத்து இளவரசரை மணந்திருந்தார். தெற்கிலிருந்து ஜான் பெண்டரின் பிரிட்டிஷ் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. பம்பாய் வரை வந்த கம்பி தரைவழியாகச் சென்னைக்கு வந்து, சென்னைக் கடற்கரையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய், சைகோன் வழியாக 1871 ஜூனில் ஹாங்காங்கை எட்டியது. இரு தரப்பும் முன்கூட்டியே சந்தையைப் பங்கிட்டுக்கொண்டன. ஹாங்காங்குக்குத் தெற்கே பெண்டர். ஷாங்காய்க்கு வடக்கே டேனியர். நடுவில் உள்ள ஹாங்காங்–ஷாங்காய் கம்பியை டேனியர் போடுவார்கள், வருமானத்தில் இருவருக்கும் பங்கு.

சீனாவிடம் அனுமதி கேட்டவர் பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதரகப் பொறுப்பில் இருந்த தாமஸ் வேட். கடலுக்கடியில் போடுவதற்குத்தானே கேட்கிறோம், கரைக்கு வரமாட்டோம் என்பது அவர் வாதம். சோங்லி யாமென் இசைந்தது. ஒரு நிபந்தனை மட்டும்: கம்பியின் முனை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலில்தான் இருக்க வேண்டும், கரையேறக் கூடாது. கடலுக்கு எல்லை வரைந்தாயிற்று, நிலம் தப்பித்தது என்று இளவரசர் கோங் நினைத்திருக்கலாம். இந்த இடத்தில் சீனத் தரப்பு செய்த பிழை பெரியது. நிபந்தனை நல்ல நிபந்தனைதான். அதை மீறுகிறார்களா என்று பார்க்கக் கரையில் ஓர் ஆள்கூட நிறுத்தப்படவில்லை.

1870 டிசம்பரில், டேனிஷ் போர்க்கப்பல் டோர்டென்ஷோல்டின் துணையோடு, எட்வார்ட் ஸுவென்சன் என்ற கடற்படை அதிகாரியின் மேற்பார்வையில் வேலை நடந்தது. யாங்சி முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள குட்ஸ்லாஃப் தீவில் கம்பி சத்தமில்லாமல் கரையேறியது. அங்கிருந்து வூசோங்குக்கு. வூசோங்கிலிருந்து ஹுவாங்பூ ஆற்றின் அடியிலேயே ஷாங்காய் வரை. நங்கூரமிட்ட கப்பல் காகிதத்தோடு நின்றது. 1871 ஏப்ரலில் ஷாங்காய்க்கும் ஹாங்காங்குக்கும் இடையே பொதுத் தந்தி திறக்கப்பட்டது; 1872 தொடக்கத்தில் சைபீரிய வழியும் சேர்ந்துகொண்டது. ஆற்றில் கிடந்த கம்பியைக் கப்பல் நங்கூரங்கள் கிழித்துக்கொண்டே இருந்ததால் 1873இல் கம்பெனி துணிந்து வூசோங்–ஷாங்காய் சாலையோரம் கம்பம் நட்டுத் தரைவழியாகவே இழுத்துவிட்டது. தாவ்தாய் எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். தூதரகங்கள் பதில் எழுதுவதில் காலம் கடத்தின. டென்மார்க்குக்குப் பெய்ஜிங்கில் நிலையான தூதரகமே இல்லை. ருஷ்யத் தூதர் அதன் சார்பில் பேசினார். புகாரை யாரிடம் கொடுப்பது என்பதே சீன அதிகாரிக்கு ஒரு சிக்கல்.

ரெனால்ட்ஸின் கம்பத்தைப் பிடுங்கியதுபோல் இதையும் பிடுங்கியிருக்கலாமே? முடியவில்லை. காரணம் அந்த அலுவலகத்தின் முன்னால் நின்ற வரிசை. பட்டும் தேயிலையும் விற்கிற சீன வணிகர்களே லண்டன் விலை தெரிந்துகொள்ள அங்கே வந்துவிட்டார்கள்.

அவர்களுக்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மோர்ஸ் குறியீடு எழுத்து வரிசை உள்ள மொழிகளுக்கானது. ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் கொண்ட சீனத்தை அதில் எப்படி அனுப்புவது? கோபன்ஹேகனின் வானியல் பேராசிரியர் ஷெல்லெரூப் தொடங்கி வைத்த வேலையை ஷாங்காயில் இருந்த விக்யே என்ற பிரெஞ்சுச் சுங்க அதிகாரி முடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண். சீனா என்ற பெயரின் முதல் எழுத்துக்கு இன்றைய பட்டியலில் எண் 0022. வணிகர் எழுதிக் கொடுப்பதைக் குமாஸ்தா புத்தகத்தில் தேடி எண்களாக மாற்றுவார். டேனிஷ் ஊழியர் எண்களை மட்டும் அடிப்பார். மறுமுனையில் இன்னொரு குமாஸ்தா எண்களைத் திரும்ப எழுத்தாக்குவார். தந்தி அடிப்பவருக்கு ஒரு சீன எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை. புத்தகம் கடையில் விற்றது. ஆகவே விரும்பினால் யாரும் படிக்கலாம். அரசு அதிகாரிகள் தமக்குள் ஒரு எண்ணைப் பேசி வைத்துக்கொண்டு அதைக் கூட்டியோ கழித்தோ அனுப்பித்தான் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆக 1873இல் நிலவரம் இது: மண் சீனாவுடையது, கம்பி டென்மார்க்குடையது, வாடிக்கையாளர் சீனர், தாள் கைமாறும் மேசை டேனியர் கையில். எதிர்ப்புக் கடிதங்கள் மண்ணைப் பற்றியே எழுதப்பட்டன. மேசையைப் பற்றி முதலில் யோசித்தவர்கள் ஃபூஜியன் மாகாணத்து அதிகாரிகள்.

1874இல் ஜப்பான் தைவானுக்குப் படை அனுப்பியது. எதிரே உள்ள ஃபூஜியனுக்குச் செய்தி போய்ச் சேரவே நாட்கள் ஆயின. பதறிய மாகாண அரசு ஃபூஜோவிலிருந்து அமோய்க்குக் கம்பி போடக் கிரேட் நார்தர்னோடு பேசியது. ஆபத்து நீங்கியதும் ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்பதில் தகராறு: கம்பி யாருடையது, நடத்துவது யார்? வழியில் ஊரார் கம்பங்களைச் சாய்த்தார்கள், வேலையாட்களை அடித்தார்கள். கம்பெனி நட்டஈடு கேட்டது. டென்மார்க் அரசு ஜெனரல் ரோஸ்லோஃபைச் சிறப்புத் தூதராகப் பெய்ஜிங்குக்கே அனுப்பிப் பார்த்தது. இழுபறி 1876இல்தான் முடிந்தது. முடித்து வைத்தவர், 1865இல் கம்பங்களைப் பிடுங்க வைத்த அதே டிங் ரீசாங். இப்போது அவர் ஃபூஜியன் ஆளுநர்.

அவர் செய்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். முடிக்கப்படாத கம்பியையும் கருவிகளையும் பணம் கொடுத்து வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், கம்பெனியின் ஆட்களே ஃபூஜோவில் ஒரு பள்ளி வைத்துச் சீன இளைஞர்களுக்குத் தந்தி அடிக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுத்தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அந்தக் கருவிகள் தைவானுக்குப் போயின. 1877இல் அங்கே சீனர்களே நடத்திய கம்பி இயங்கியது. நூல்களில் இது பெரும்பாலும் ஒரு தோல்வியின் பின்னுரையாகவே வருகிறது: சீனா தந்தியை வாங்கி மூட்டை கட்டிவிட்டது என்பதுபோல. எனக்கு இதுதான் திருப்புமுனையாகத் தெரிகிறது. பதினொரு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் கம்பத்திலிருந்து கையை எடுத்து ஆளின்மேல் வைத்திருக்கிறார்.

ஃபூஜோ முன்மாதிரியைப் பெரிதாக்கியவர் வட சீனாவின் தலைமை ஆளுநர் லி ஹோங்ஜாங். 1879இல் தியான்ஜினிலிருந்து டாகு கோட்டைகளுக்குச் சோதனையாக ஒரு கம்பி போட்டார். மறு ஆண்டே வாய்ப்பு வந்தது. எல்லையோர ஈலி பகுதி தொடர்பாக ருஷ்யாவோடு போர் மூளும் நிலை. சீனத் தூதர் ஸெங் ஜீட்ஸே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேசிக்கொண்டிருந்தார். அவர் தந்தி ஒரே நாளில் ஷாங்காய் வந்துவிடும். ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்குக் கப்பலில் ஆறேழு நாள், கடலுறைந்தால் குதிரை அஞ்சலில் பத்து நாள். இதை லி 1880 செப்டம்பர் விண்ணப்பத்தில் எடுத்துக் காட்டினார். அவர் எடுத்துக் காட்டியது வேகத்தை. அதைவிடக் கூசவைக்கும் உண்மை ஒன்று உண்டு: ருஷ்யாவோடு பேரம் பேசும் தூதரின் செய்தி ருஷ்யாவின் சைபீரியக் கம்பியில் வந்தாலும், பிரிட்டனின் தெற்குக் கம்பியில் வந்தாலும், ஷாங்காயில் ருஷ்ய அரண்மனைக்கு வேண்டப்பட்ட டேனிஷ் கம்பெனியின் மேசையைத் தாண்டாமல் பெய்ஜிங்குக்குப் போக வழியே இல்லை.

விண்ணப்பம் உடனே ஏற்கப்பட்டது. தியான்ஜினில் தந்திப் பள்ளி திறந்தது. ஷெங் சுவான்ஹுவாய் என்ற கெட்டிக்கார நிர்வாகி பொறுப்பேற்றார். 1881 டிசம்பரில் தியான்ஜின்–ஷாங்காய் கம்பி இயங்கத் தொடங்கியது. பொறியாளர்கள் டேனியர், பணம் சீனப் பணம், மேசையில் சீன ஊழியர்.

அதே 1881இல் லி ஒரு தவறும் செய்தார். தன் கம்பியைக் கட்டித்தந்த நன்றியோ, அடுத்த வேலைக்கும் அவர்களே வேண்டும் என்ற அவசரமோ, ஜூனில் கிரேட் நார்தர்னுக்கு இருபது ஆண்டுத் தனியுரிமை கொடுத்தார். வேறு எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் சீனக் கரையில் கம்பி இறக்கக் கூடாது. டேனிஷ் கம்பிக்குப் போட்டியாகச் சீனாவே போட நினைத்தாலும் கம்பெனியோடு பேச வேண்டும். பதிலுக்கு சோங்லி யாமென், வெளிநாடுகளில் இருந்த சீனத் தூதர்கள், பெரிய ஆளுநர்கள் ஆகியோரின் அரசுத் தந்திகள் இலவசம். தந்திக் கூலியை மிச்சப்படுத்த நாட்டின் கையைக் கட்டிக்கொடுத்த பேரம் இது. லியின் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. சின்ன நாட்டுக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தால் பெரிய நாடுகளைத் தள்ளி நிறுத்தலாம் என்று அவர் நம்பினார். ஆனால் அந்தக் கம்பெனியின் பின்னால் ருஷ்யாவும் பக்கத்தில் பெண்டரும் இருந்ததை அவர் குறைத்து எடை போட்டுவிட்டார்.

பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி நான்கும் எதிர்த்தன. 1870இல் வேடுக்குக் கொடுத்த அனுமதி என்ன ஆயிற்று என்று பிரிட்டன் கேட்டது. பெண்டரின் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனி ஹாங்காங்கிலிருந்து ஷாங்காய்க்குத் தனியாக ஒரு கம்பி போட்டு, வழியில் உள்ள துறைமுகங்களிலும் இறக்க முன்வந்தது. பார்த்தால் சீனாவுக்கு இரட்டை நெருக்கடி. ஷெங் அதையே வாய்ப்பாக மாற்றினார். டேனியரிடம், பிரிட்டிஷார் விடமாட்டேன் என்கிறார்கள், உங்கள் தனியுரிமையைக் காப்பாற்ற முடியாது என்றார். பிரிட்டிஷாரிடம், டேனியருக்கே தரைக்கம்பி இல்லை என்றாகிவிட்டால் உங்களுக்கு எப்படித் தருவது என்றார். தென் கோடியிலும் அவருக்கு ஒரு துருப்பு கிடைத்தது: சீன வணிகர்கள் குவாங்ஜோவிலிருந்து கவுலூன் எல்லைவரை போட்ட கம்பி, ஹாங்காங்குக்குள் நுழைய பிரிட்டிஷ் அனுமதி கிடைக்காமல் நின்றிருந்தது. எங்கள் கம்பி உங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்றால் உங்கள் கம்பி எங்கள் ஊருக்குள் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு லண்டனில் யாரிடமும் பதில் இல்லை.

1883 மார்ச்சில் ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷனோடும், மே மாதத்தில் கிரேட் நார்தர்னோடும் உடன்பாடு கையெழுத்தானது. பிரிட்டிஷ் கம்பி ஆற்று முகத்துவாரத்தோடு நிற்கும். உள்ளே செய்தியைக் கொண்டுபோவது சீனக் கம்பி. டேனியர் பத்தாண்டாகத் தகராறில் வைத்திருந்த வூசோங்–ஷாங்காய் தரைக்கம்பி 3,000 டேல் வெள்ளிக்குச் சீனாவுக்கு விற்கப்பட்டது. ரயிலுக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. நகரத்தில் வெளிநாட்டு அலுவலகம் மூடப்படவில்லை. டேனிஷ் ஊழியர்கள் அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள். ஆனால் அவர்கள் காலடியில் இருந்த கம்பி இப்போது சீனாவுடையது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் மற்ற நாடுகளைப் பார்க்க வேண்டும். பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் ஃபாவோ என்ற இடத்தில் இந்தியாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கடலடிக் கம்பியும் பாக்தாதிலிருந்து வந்த உஸ்மானியத் தரைக்கம்பியும் 1865இல் சந்தித்தன. 1864 உடன்படிக்கையில் உஸ்மானிய அரசு தன் கம்பியை வெளியார் கையில் கொடுக்க மறுத்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு அலுவலகங்கள். ஒன்று வாங்கி மற்றதிடம் கொடுக்கும். இறையாண்மை காப்பாற்றப்பட்டது. ஆனால் ஆங்கிலம் தெரியாத ஊழியர்கள் கையில் செய்திகள் சிதைந்தன, நாட்கணக்கில் தாமதமாயின; 1866இல் லண்டன் நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து புகார்களைக் கேட்டது. 1870இல் பாரசீகம் வழியாக ஸீமென்ஸ் கம்பியும், செங்கடல் வழியாகப் பெண்டரின் கம்பியும் வந்ததும் செய்திப் போக்குவரத்து அந்தப் பக்கம் போய்விட்டது. பாரசீகத்தில் நேர்மாறு. 1860களிலும் 1872இலும் கையெழுத்தான உடன்படிக்கைகளின்படி ஷாவின் மண்ணில் பிரிட்டிஷ் இந்திய ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். 1931 வரை எழவில்லை. போக்குவரத்து குறையவில்லை, அதிகாரம்தான் கிடைக்கவில்லை. ஜப்பான் இரண்டுக்கும் நடுவே: 1870இல் டேனியரை நாகசாகியில் இறங்க விட்டது, 1873க்குள் தோக்கியோவுக்குத் தானே தரைக்கம்பி போட்டு அவர்களைத் துறைமுகத்தோடு நிறுத்தியது. அந்த ஜப்பானே 1882இல் கொரியாவுக்குப் போகும் கம்பிக்காக டேனியருக்குத் தனியுரிமை எழுதிக்கொடுத்து, பிறகு பல ஆண்டுகள் அதிலிருந்து வெளிவர முடியாமல் தவித்தது.

1883க்குப் பின் சீனாவில் சண்டை வேறிடத்துக்கு நகர்ந்தது. கம்பியின் உரிமை தீர்ந்தது, கட்டணம் தீரவில்லை. சீனா வடக்கே ருஷ்ய எல்லைவரை தரைக்கம்பி நீட்டினால் ஐரோப்பாவுக்கு மலிவான வழி திறந்துவிடும். இரு கம்பெனிகளும் அஞ்சியது அதற்குத்தான். 1887இல் செய்துகொண்ட ஏற்பாட்டின் சாரம்: சீனா தன் கட்டணத்தைக் கடலடிக் கட்டணத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளும், பதிலுக்குக் கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கு தரும். கஜானாவுக்கு இது லாபம். தந்தி கொடுக்கும் சாதாரண வணிகருக்கு நட்டம். மக்கள் பக்கம் நின்று பார்த்தால் சீன நிர்வாகம் இந்த இடத்தில் மூன்றாவது கம்பெனியாகத்தான் நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும்.

1900 கோடை எல்லாவற்றையும் குலைத்தது. வெளிநாட்டாரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சியில் வடக்குக் கம்பிகள் அறுந்தன, பெய்ஜிங் தூதரகங்கள் முற்றுகையில். அந்த வாரங்களில் மேசையின் வலிமை என்ன என்பதை ஷெங் ஒருவரே காட்டினார். வெளிநாடுகள்மேல் போர் தொடுக்கும் பேரரசு ஆணை ஜூனில் தந்தியில் வந்தபோது, அதை வெளியிடாமல் தலைமை ஆளுநர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லித் தன் அலுவலகங்களுக்கு உத்தரவிட்டார். தெற்கு மாகாணங்கள் போரில் இறங்காமல் தப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மேசை டேனியர் கையில் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் ஆகஸ்டில் அவரே வேறொரு தாளில் கையெழுத்திட நேர்ந்தது. அறுந்த தொடர்பைச் சரிசெய்ய ஷாங்காயிலிருந்து டாகுவுக்கு இரு கம்பெனிகளும் கடலடிக் கம்பி போடும். செலவு 2,10,000 பவுன், சீனாவின் பெயரில் கடனாக. கடன் தீரும் காலத்துக்கு ஏற்ப தனியுரிமைகளும் 1930 முடிவு வரை நீளும். இருபது ஆண்டுப் பேரத்தில் மீட்டதில் பெரும்பகுதி அந்தக் கடன் பத்திரத்தில் போயிற்று. அதற்காக ஷெங்கைத் துரோகி என்று திட்டியவர்களோடு நான் உடன்படவில்லை. அந்நியப் படைகள் நாட்டுக்குள் நிற்கும்போது பேரம் பேச அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

1908இல் சிங் வம்சப் பேரரசு உள்நாட்டுக் கம்பிகளில் வணிகர்கள் வைத்திருந்த பங்குகளை வாங்கித் தந்தியை முழு அரசுத் துறையாக்கியது. வெளிநாட்டு அலுவலகங்களின் நிலை மாறவில்லை. பேரரசு போய் குடியரசு வந்தும், படைத்தலைவர்கள் சண்டையிலும், ஷாங்காயில் அந்த மேசைகள் அப்படியே இருந்தன. 1930 நெருங்க நெருங்க நாஞ்சிங்கின் தேசிய அரசு பழைய நிபந்தனைகளைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனிகளுக்குத் தெரிவித்துப் புதிய பேச்சைத் தொடங்கியது. இம்முறை அதன் கையில் ஒரு புதிய சாதனம் இருந்தது: ஷாங்காய்க்குப் பக்கத்தில் ஜென்ரூவில், 1930 டிசம்பரில், சீன அரசின் சொந்த சர்வதேசக் கம்பியில்லாத் தந்தி நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. தனியுரிமை காலாவதியாக அப்போது சில வாரங்களே பாக்கி. கடலடிக் கம்பி இல்லாமலே சான் பிரான்சிஸ்கோவோடும் பெர்லினோடும் பேச முடியும் என்றான பிறகுதான் கம்பெனிகள் சீனாவின் நிபந்தனைகளைக் கேட்க உட்கார்ந்தன.